திருச்சினாப்பள்ளிப் பின்னல்

மாமாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் ஓடாமல் போய்ப் பல வருடம் ஆயிற்று. அதன் சங்கிலி மட்டும் இன்னும் பாம்புக்குட்டி மாதிரி நெளிகிறது. கடையில் வாங்கியதல்ல, மாமா பின்னியது. எங்கள் குளத்தூர் வெயிலில் வயல்வேலை பார்க்கிற கையில் தோல் வார் ஒரு கோடைகூடத் தாங்காது. வேர்வையில் ஊறி, நாறி, ஓட்டை ஓட்டையாகக் கிழியும். மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப்போட்ட செம்புக் கம்பியைக் கொண்டுவந்து மூன்று கொடிகளாகப் பின்னி, பக்கம் பக்கமாக வைத்து, முனைகளை ஈயத்தால் பற்றவைத்துக் கடிகாரத்தில் மாட்டிவிட்டார். மணிக்கட்டில் பச்சையாகக் களிம்பு படியும். அதற்கென்ன, புளி இருக்கிறது.

"யாருகிட்ட மாமா கத்துக்கிட்டீங்க?"

"அரணாக்கொடி பண்ணுற ஆசாரி ஒருத்தரு. அவரு எங்க சொல்லிக்குடுத்தாரு? எதுக்க உக்காந்து பாத்ததுதான் மாப்ள."

"இந்தப் பின்னலுக்குப் பேரு?"

"பேரு என்ன பேரு, கம்பிச் சங்கிலி."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அங்கிருந்துதான் என் அலைச்சல் தொடங்கியது.

முதல் தடயம் நான் நினைத்தே பார்க்காத இடத்தில் கிடைத்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், ட்ரூஹிடில் என்ற இடத்தில், 1774இல் தகரம் தேடித் தோண்டியவர்களுக்கு ஒரு வெள்ளிப் புதையல் அகப்பட்டது. 9ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்டது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் வெள்ளிக் கம்பியால் பின்னிய சவுக்கு ஒன்று உண்டு. படத்தைப் பார்த்ததும் மாமாவின் மணிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. கீழே இருந்த விளக்கத்தைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பின்னலின் பெயர் 'திருச்சினாப்பள்ளி'.

திருச்சிக்காரர் யாரும் 9ஆம் நூற்றாண்டில் கார்ன்வாலுக்குப் போய் வெள்ளி பின்னவில்லை. விஷயம் எளிது. விக்டோரியா ராணி காலத்தில் திருச்சிப் பொற்கொல்லர்களின் நுண்கம்பிச் சங்கிலிகள் கப்பலேறின. இங்கிலாந்துப் பெண்கள் கழுத்தில் அவை கிடந்தன. அதே காலத்தில் வைக்கிங் கல்லறைகளிலிருந்து பின்னிய வெள்ளிச் சங்கிலிகளை எடுத்த ஆய்வாளர்கள், தங்கள் கண்ணுக்குப் பழகிய சரக்கின் பெயரையே அவற்றுக்கும் சூட்டிவிட்டார்கள். அன்றைய இங்கிலாந்துக்குத் திருச்சி என்றால் இரண்டு: சங்கிலி, சுருட்டு. 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே கொலைகாரன் புகைப்பது திருச்சிச் சுருட்டுதான்.

பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம் என்பது குளத்தூர்க்காரனுக்குப் புதிதல்ல. தாலுகாவுக்கு எங்கள் ஊர்ப் பெயர். தாலுகா ஆபீஸ் கீரனூரில்.

வைக்கிங் பின்னலில் ஒரே கம்பிதான் சுற்றிச் சுற்றிக் கண் கண்ணாக ஏறும். இதைவிடப் பழைய முறை ஒன்றும் உண்டு. அதில் கம்பியைத் தனித்தனி வளையமாக்கிப் பற்றவைத்து, நீளவாக்கில் நசுக்கி, மடித்து, ஒன்றன் காதுக்குள் இன்னொன்றை நுழைத்துக்கொண்டே போவார்கள். மெசபடோமியாவின் 'ஊர்' என்ற நகரத்து அரச கல்லறைகளில், ஏறக்குறைய 4500 ஆண்டுக்கு முந்தைய தங்கச் சங்கிலிகள் இப்படித்தான் இருக்கின்றன. முடிந்த சங்கிலியைத் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாமா செய்தது முதல் வகை.

படித்தது போதும் என்று நானும் உட்கார்ந்தேன். வைண்டிங் கம்பியின் மேல்பூச்சை எரித்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடவேண்டும். அப்படிப் போட்டால் எஃகு இறுகும், செம்பு இளகும். இது தெரியாமல் நான் முறித்த கம்பி கொஞ்சமல்ல. பென்சில் பருமனுள்ள குச்சியின் தலையில் ஐந்து கண்களைப் பூப்போல் கட்டி, கீழே மடக்கி, கம்பியை ஒவ்வொரு கண்ணின் கழுத்துக்குப் பின்னாலும் நுழைத்துச் சுற்றவேண்டும். ஒவ்வொரு நுழைப்புக்கும் மிச்சக் கம்பி முழுவதையும் இழுத்தாக வேண்டியிருப்பதால் இரு கை விரித்த நீளத்துக்கு மேல் எடுத்தால் சிக்குதான். தீர்ந்ததும் புதுக்கம்பியின் முனையைப் பழையதோடு ஒட்டவைத்து மேலே போகலாம்.

குச்சியிலிருந்து உருவியதும் கிடைப்பது கோணல்மாணலான ஒரு கூண்டு. அழகு அதன் பிறகுதான் வரும். வேப்பம்பலகையில் பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றின் வழியாகவும் சங்கிலியை இழுக்கவேண்டும். கண்கள் நெருங்கும், கோணல் மறையும், விறைத்துக் கிடந்தது துவளும். நான் பின்னிய பத்து சென்டிமீட்டர் இழுத்து முடித்தபோது பதினைந்து ஆகியிருந்தது. மாமா கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "கண்ணு ஒரே அளவா இல்ல" என்றார். இல்லைதான்.

சங்கிலியை மாட்டும் கொக்கியை இன்று 'எஸ் கொக்கி' என்கிறோம். அதன் பழைய பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அகப்பட்டது. ராஜராஜன் கொடுத்த நகைகளை எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாகக் கணக்கெழுதியவர்கள், பூட்டுவாயைக்கூட விடவில்லை. கொக்கிக்குக் கொக்குவாய் என்று பெயர். அது போய் மாட்டும் வளையம் படுகண். இத்தனை அழகான சொற்கள் வைத்திருந்தவர்கள் பின்னலுக்கு மட்டும் பெயரில்லாமல் விட்டிருப்பார்களா? என்னால் நம்ப முடியவில்லை. பெயர் ஏதோ ஒரு பட்டறையில் புழங்கித்தான் இருக்கவேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். பாட்டன் காலத்து அரணாக்கொடியை உருக்கக் கொடுக்கும் முன், அதன் முனையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தனித்தனி வளையமா, ஒரே கம்பியா? ஒரே கம்பி என்றால், அதைச் செய்த ஆசாரி வீட்டில் அந்தப் பின்னலை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.