தேதி இல்லாதவர்

ஏப்ரல் 6

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பிண்டம் வைக்கும்போது ஐயர், "தாத்தா பேரு சொல்லுங்க" என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையசைத்த பிறகுதான் சொன்னான்.

1943-இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன தாத்தாவை எங்கள் குடும்பம் இறந்தவர் கணக்கில் சேர்த்தது இன்றுதான். பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. அப்பா எந்த அமாவாசைக்கும் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்ததில்லை. இறைத்தால் பெற்றவள் சொல்லைப் பொய்யாக்கியது போலாகும் என்பார். ஐயர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

ஏப்ரல் 8

தூக்கமே இல்லை.

ஏப்ரல் 19

தாத்தாவுக்குப் படம் கிடையாது. கடிதம் கிடையாது. அவரைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. கைக்குழந்தையாக அவர் மடியில் கிடந்த அப்பாவும் போய்விட்டார். என் கையில் அவருக்காகப் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க பாட்டிக்கு முன்கையில இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நகை நட்டெல்லாம் இங்கயே இருந்துடும், பச்சை மட்டும்தான் கூட வரும்னு சொல்வாங்க" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

மே 3

கிள்ளானில் பச்சை குத்தும் தம்பியைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான பையன். சயாம் ரயில் என்றதும் கணினியில் ஒரு பாலத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். அழகான மரப்பாலம். அடியில் 1943 என்று போடலாம் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே 4

அந்தப் பாலம் இரவெல்லாம் உறுத்தியது. அது 1957-இல் வந்த ஆங்கிலப் படத்துக்காக இலங்கையில், கித்துள்கல பக்கம் கட்டியது. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், காஞ்சனபுரியில் நிற்கும் அசல் பாலம் இரும்பும் கான்கிரீட்டும். படத்தால் புகழ் வந்த பிறகு, அந்தப் பாலத்தின் அடியில் ஓடும் ஆற்றின் பெயரையே 1960-இல், படத்தில் வந்தபடி, க்வாய் என்று மாற்றினார்கள்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை. இரு பக்கமிருந்தும் போட்டுவந்த தண்டவாளம் 1943 அக்டோபர் 17 அன்று காட்டுக்குள் ஒன்று சேர்ந்தது. அங்கே வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அவர்களில் 6,982 பேர் நினைவுகூரப்படுகிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நல்லது, அப்படித்தான் வேண்டும்.

ஆனால் ஆசியக் கூலிகள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம்! எங்கள் ஆட்களுக்குப் பெயரேடு இல்லை, எரித்த இடம் இல்லை, நாள் இல்லை. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து லயம் லயமாக அள்ளிப் போனதைத் தலை எண்ணி எழுதியவன்கூட, அவர்கள் விழுந்ததை எழுதவில்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை. அந்தப் பாலம் என் கையில் ஏறாது.

மே 11

அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்தேன். கொடுக்க மனசு வரவில்லை.

மே 25

தண்டவாளம் வரைந்து பார்த்தேன். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்துத்தான் சயாமுக்கு இரும்பு கொண்டுபோனார்கள். ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து. வரைந்த இரண்டு கோடும் நன்றாகவே வந்தன. ஆனால் அதில் தாத்தா இல்லை.

தாத்தா பால்மரம் சீவியவர் என்பதால் உளியை வரைந்தேன். அது பாட்டியின் உளி. அவர் போன பிறகு விடிகாலையில் தலைவிளக்கோடு நிரைக்குப் போனவள் அவள்தான். பால் வடியும் மங்கு வரைந்தேன், அதுவும் பாட்டி. லயத்து வாசலை வரைந்தால் அங்கே உட்கார்ந்திருப்பதும் அவள். தாளை மூடிவிட்டேன்.

ஜூன் 14

அம்மா இன்று தானாகவே சொன்னார். சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் பாட்டியிடம் வந்திருக்கிறார். மழைக்காலத்தில் காலரா வந்தபோது உங்கள் வீட்டுக்காரரை நோயாளிக் கொட்டகையில் பார்த்தேன், அப்புறம் முகாமை மாற்றிவிட்டார்கள் என்றாராம். பாட்டி அவருக்கு, ஜப்பான்காரனின் வாழைமர நோட்டுக் காலத்து மரவள்ளிக்கிழங்கை அவித்துப் போடாமல், எங்கிருந்தோ அரிசி கடன் வாங்கிச் சோறாக்கிப் போட்டாளாம். சாப்பிட்டு முடித்த பிறகு, "செத்ததைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டாளாம்.

இல்லை என்றாராம்.

அது போதுமாக இருந்திருக்கிறது அவளுக்கு, நாற்பது வருஷத்துக்கு.

ஜூன் 15

காஞ்சனபுரியில் இப்போது நம்மவர்களுக்கு ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுதேன். மனசு லேசானது.

ஜூலை 2

மறுபடி கிள்ளான். பெயரை மட்டும் குத்தலாமா என்று கேட்டேன். தமிழ் எழுத்தைப் பொடியாக எழுதினால் நாளடைவில் மை தோலுக்குள் பரவிச் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும், பெரிதாகத்தான் எழுத வேண்டும் என்றான். பெரிதாகவே எழுது என்றேன்.

"வருஷம் போடணுமாக்கா?"

பிறந்த வருஷம் எங்களுக்குத் தெரியாது. 1943 என்று போட்டால் அவரை அந்தக் கொட்டகையில் நானே படுக்கவைத்தது போலாகும். போடாவிட்டால் அவருக்கு என்ன நடந்தது என்று என் கையைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டும் என்றுதானே இவ்வளவும்!

அவன் பேனாவை என் முன்கையில் வைத்தபடி காத்திருந்தான். ஆடி கழியட்டும் தம்பி என்று சொல்லி எழுந்தேன்.

ஜூலை 3

ஆடி ஒரு சாக்குத்தான்.

ஜூலை 17

தம்பி போன் செய்தான். ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிறானாம். ஐயர் மூன்று தலைமுறைக்குப் பெயர் கேட்பார், தாத்தா பெயரையும் சொல்லட்டுமா என்று கேட்கிறான். காரியத்தில் ஒருமுறை சொல்லிவிட்டோமே, இனி மாற்ற முடியுமா என்றும் அவனே கேட்கிறான்.

அம்மாவைக் கேட்டேன். "உங்க பாட்டி இருந்தா நான் அவங்களத்தான் கேட்டிருப்பேன்" என்றார்.

தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.