வானத்தைக் கலக்கும் கரண்டி

டில்லிக்கு வந்த நாள் முதலாக நம் சங்கத்து நண்பர்கள் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றே: "நீ அப்படி என்னதான் ஆராய்கிறாய்?" "மேல்வானத்துக் காற்றில் கொந்தளிப்பு எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று மதிப்பிடுகிறேன்" என்பேன். கேட்டவர் உடனே விடுதிச் சாம்பாரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை, என் வீட்டிலேயே இது விளங்கிய ஒரே ஆள் என் பாட்டாதான்.

பாட்டா நாகர்கோவில் பக்கத்து விவசாயி. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு கிளம்பிற்று. ராக்கெட்டு அமெரிக்காவுடையது, அதிலிருந்த ஸோடியம் ஆவிக் கருவி பிரான்சு தந்தது. அப்போது பாட்டாவுக்கு வயது 12. தரையில் இருட்டிவிட்டது, மேலே 100 கிலோமீட்டரில் வெயில் இன்னும் இருந்தது. அந்த வெயிலில் ஸோடியம் மஞ்சளாய் ஒளிர்ந்தது.

"கோடு கிழிச்ச மாதிரி நின்னுது மக்களே. கொஞ்ச நேரத்துல கீழ்ப்பக்கம் பிஞ்சு பிஞ்சு போச்சு. மேல்பக்கம் மட்டும் பிய்யாம உப்பிக்கிட்டே இருந்துது" என்று நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

பாடநூல் சொல்வதும் இதுதான். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்குக் கீழே சுழிப்புகள் கரண்டிபோல் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எடையில் வேறுபட்டாலும், தரையில் உள்ள அதே விகிதத்தில் 80 கிலோமீட்டரிலும் இருக்கின்றன. அதற்கு மேலே காற்று மிக மெலிந்துவிடுவதால், மூலக்கூறுகள் தாமாகவே விரவும் வேகம் கரண்டியை மிஞ்சிவிடுகிறது; ஒவ்வொரு வாயுவும் தன் எடைக்கேற்பப் பிரிந்து நிற்கிறது. பாட்டா கண்டது அந்த எல்லைக்கோட்டை!

என் வேலை கரண்டியின் வேகத்தைக் கணக்கிடுவது. திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள பெரிய ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்புகிறது. பகல் வேளையில் 65 முதல் 85 கிலோமீட்டர் வரையிலிருந்து மெல்லிய எதிரொலி திரும்புகிறது. காற்று சுழித்தால் எதிரொலியின் அலைவரிசை சற்றே அகலும். அந்த அகலத்தின் இருமடியிலிருந்து கொந்தளிப்பின் ஆற்றலையும், அதிலிருந்து கலப்பு எண்ணையும் பெறலாம். ஆனால் ஒரு தொல்லை. ராடாரின் கற்றை 3 பாகை அகலமுள்ளது. சுழிப்பே இல்லாமல் காற்று நேராக வீசினாலும், கற்றையின் ஒரு விளிம்பில் அது நெருங்குவதாகவும் மறு விளிம்பில் விலகுவதாகவும் தோன்றி, எதிரொலியை அகலப்படுத்திவிடும். அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும்.

நான் கழித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். வினாடிக்கு 40 சதுர மீட்டர் என்று விடை வந்தது. பேராசிரியர் மகிழ்ந்தார், மாநாட்டுக்குச் சுருக்கமும் போய்ச் சேர்ந்தது. கருத்தரங்குக்கு மூன்று நாள் முன்பு, நள்ளிரவில், என் நிரலைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. காற்று வேகம் இருந்த பத்தியை அது படிக்கவே இல்லை. எல்லா இடத்திலும் சுழியம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. சுழியத்தைக் கழித்தால் என்ன குறையும்? திருத்தி ஓட்டினேன். அகலம் பாதியாயிற்று, இருமடி அல்லவா, விடை 10-க்கு இறங்கிவிட்டது.

வெட்கத்தைவிடப் பெரிய சோதனை வேறொன்று. இத்துறையில் அறிஞர்கள் தரும் எண்களே ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகின்றன. 40 என்றாலும் யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள், 10 என்றாலும் உயர்த்தமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அன்றிரவு அறைக்குள் எத்தனை முறை நடந்திருப்பேன்!

காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். பேராசிரியர் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, தம் கண் முன்னாலேயே மறுபடி கணக்கிடச் செய்தார். அதே 10. மாநாட்டுக்குத் திருத்தம் எழுதும்போது என் கை நடுங்கியதை அவர் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நாலுல ஒண்ணாயிட்டா? அப்போ மேல கலங்கல் கம்மிதானா மக்களே?"

"கம்மிதான் பாட்டா."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "நான் கண்ட அன்னைக்குக் கூடத்தான் இருந்துது."