கையில் ஒரு கோலம்

ஜப்பானுக்குக் குடித்தனம் போகும் நம்மவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புளி, ரசப்பொடி, அப்பளக் கட்டு, பிரஷர் குக்கருக்கு உபரியாக ஒரு ரப்பர் வளையம்! நானும் அப்படித்தான் போய் இறங்கினேன். ஆனால் நான் கொண்டு போனவற்றில் ஒன்று மட்டும் பெட்டியில் இல்லை. சுங்க அதிகாரி அதைச் சோதிக்கவும் இல்லை. அது என் இடது முன்கையில் இருந்தது. மூன்று அங்குல அகலத்தில் பச்சை குத்திய கோலம்.

அது என் பாட்டியின் கையில் இருந்த கோலம். பாட்டி சிறு பெண்ணாக இருந்தபோது, ஊர் ஊராகப் பச்சை குத்த வரும் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டாளாம். கூலி ஒரு படி நெல்லும் ஒரு பழம் புடவையும். "நகை நட்டெல்லாம் கழற்றி வாங்கிக் கொள்வார்கள். கடைசி வரையில் கூட வருவது இது ஒன்றுதானடி!" என்பாள் பாட்டி. அவள் கண் மூடிய மறு வருஷம், சென்னையில் ஒரு கடையில், மின்சார ஊசியால், அதே ஐந்து புள்ளிக் கோலத்தை நானும் குத்திக் கொண்டேன். "படித்த பெண் செய்கிற காரியமா இது?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அம்மாவைத் தவிர வேறு யார் இதைப் பார்த்து முகம் சுளிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்!

டோக்கியோ நகரத்தின் கிழக்கு ஓரத்தில் எதொகாவா என்று ஒரு வட்டாரம். அங்கே நிஷி-கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் நாட்டவர் ஏராளமாக வசிக்கிறார்கள். கடையில் துவரம் பருப்பு கிடைக்கும். மாடியில் சாம்பார் வாசனை வரும். எனக்கும் என் கணவருக்கும் ஜாகை அங்கேதான். பத்து வருஷமாக அங்கே இருக்கும் பக்கத்து வீட்டு மாமி முதல் நாளே என் கையைப் பார்த்துவிட்டார். "இதை மூடிக்கொண்டு ஆபீஸுக்குப் போ, அம்மா. இந்த ஊரில் இதற்கு வேறு அர்த்தம்" என்றார்.

ஏப்ரல் மாதம் வேலையில் சேர்ந்தேன். குளிர் விட்டிருக்கவில்லை, முழுக்கைச் சட்டை சௌகரியமாகவே இருந்தது. ஆனால் ஜூலை வந்ததே! டோக்கியோவின் கோடை நம் சென்னைக்குச் சளைத்ததல்ல. ஆபீஸ்களில் குளிர்சாதனத்தைக் குறைத்து, கோட்டும் டையும் இல்லாமல் வரலாம் என்று ஜப்பானிய அரசாங்கம் 2005-ல் ஓர் இயக்கமே ஆரம்பித்திருக்கிறது. எல்லோரும் அரைக்கைச் சட்டையில் வர, நான் ஒருத்தி மட்டும் மணிக்கட்டு வரையில் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு வேர்க்கவில்லையா?" என்று கேட்டாள் பக்கத்து மேஜைச் சிநேகிதி.

"எனக்குக் குளிர்சாதனம் ஒத்துக்கொள்ளாது" என்றேன். நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது!

சட்டைக்கை உறுத்தியதைவிட அந்தப் பொய்தான் என்னை அதிகம் உறுத்தியது.

ஆபீஸுக்கு எச்சரிக்கை இருந்தது, குளியலுக்கு இல்லை. முதல் குளிர்காலத்தில் நானும் கணவரும் புறநகரில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். இதை 'ஓன்ஸென்' என்பார்கள். ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. உடம்பில் ஒரு நூல் கூட இல்லாமல்தான் தொட்டியில் இறங்க வேண்டும். அதற்கே என் மனத்தைப் பத்து நாளாகத் தயார் செய்திருந்தேன். வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை மட்டும் படிக்கவில்லை.

துணி மாற்றும் அறையில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஒரு நிமிஷத்தில் ஊழியப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். மிகவும் வருந்துவதாகச் சொன்னாள்; இடுப்பு வரை குனிந்தாள்; நான் கொடுத்த பணத்தை ஒரு சின்னத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அதட்டியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். குனிந்து வணங்குகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? கூடத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு புட்டி பால் வாங்கிக் குடித்தேன். உள்ளே இருக்கும் கணவருக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர் தக்காளிப் பழமாய்ச் சிவந்து வெளியே வந்து, "பிரமாதம்! உனக்கு எப்படி?" என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினார்.

அந்தப் பெண்ணுக்கு என்மேல் விரோதம் ஒன்றும் இல்லை. அவள் பார்த்தது என் பாட்டியின் கோலத்தை அல்ல, வேறொன்றை. அது என்ன என்று தெரிந்துகொள்ள நான் கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டியிருந்தது.

பச்சை குத்துவதை ஜப்பானியர் 'இரெசுமி' என்கிறார்கள். மையை உள்ளே செலுத்துவது என்று பொருள். 1720 முதல் அங்கே திருடர்களுக்குத் தண்டனையாகக் கையில் கோடு குத்தினார்கள். அதே காலத்து எதோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், தீயணைக்கும் வீரர்கள் முதுகு நிறைய டிராகன்களைக் குத்திக்கொண்டார்கள். டிராகன் அவர்களுக்கு நீருக்குரிய தெய்வம். நெருப்பிலிருந்து காக்கும் என்று நம்பிக்கை. சித்திரக்காரர் குனியோஷி 1827 முதல் அச்சிட்ட வீரர் படங்களைப் பார்த்து ஊரே பச்சை மோகம் கொண்டது. ஒரே ஊரில் ஒரே மை, ஒருவனுக்கு அவமானம், இன்னொருவனுக்கு அழகு!

பிறகு மேல்நாட்டார் கப்பல்களில் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று பயந்து, மெய்ஜி அரசாங்கம் 1872-ல் பச்சை குத்துவதைத் தடை செய்தது. வேடிக்கை என்ன தெரியுமா? அந்த மேல்நாட்டாரே வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள். பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1881-ல் ஜப்பானுக்குக் கப்பலில் வந்தபோது கையில் ஒரு டிராகனுடன் திரும்பினார். ருஷ்யச் சக்கரவர்த்தியான இரண்டாம் நிக்கோலஸும் பட்டத்து இளவரசராக 1891-ல் வந்தபோது அதையே செய்தார்.

தடை 1948-ல் நீங்கியது. ஆனால் பச்சை என்றாலே 'யாகுஸா' என்னும் குண்டர் கும்பல் என்ற எண்ணம் நீங்கவில்லை. முதுகும் மார்பும் நிறையக் குத்திக்கொள்வது அந்தக் கும்பல்களின் வழக்கம். "நீ குண்டனா?" என்று வந்தவர் முகத்துக்கு நேரே கேட்க முடியுமா? ஆகையால், "பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை" என்று பலகை மாட்டிவிட்டார்கள். குண்டனுக்குப் போட்ட வேலியில் என் பாட்டியின் கோலம் மாட்டிக்கொண்டது.

இதுவரை படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்துப் படித்தது அப்படியல்ல. ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஓகினாவாத் தீவுகளில் பெண்கள் புறங்கையிலும் விரல்களிலும் பச்சை குத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. 'ஹாஜிச்சி' என்று பெயர். பெண் பெரியவளானாள், குடும்ப ஸ்திரீ ஆனாள் என்பதற்கு அது அடையாளம். அவர்களுக்கு அது பெருமை. 1899-ல் அதைத் தடை செய்தார்கள். வடகோடியில் ஹொக்கைதோ தீவின் ஐனுப் பெண்கள் வாயைச் சுற்றிக் குத்திக்கொள்வார்கள். அதற்கு 1871-லேயே தடை. நேற்று வரை பெருமையாகக் கையை நீட்டிய பெண்கள் மறுநாள் முதல் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வதென்றால், அந்த மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

2013-ல் நடந்த ஒரு சம்பவத்தையும் கேளுங்கள். நியூஸிலாந்தின் மாவோரி குலத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, ஐனு மொழி சம்பந்தமான ஒரு கூட்டத்துக்காக அதே ஹொக்கைதோவுக்கு வந்தார். முகத்தில் தம் குலத்தின் பச்சை அடையாளம். ஒரு குளியல் நிலையத்தில் அவரை அனுமதிக்கவில்லை. ஜப்பானியப் பத்திரிகைகளிலேயே இது பெரிய சர்ச்சையாகிவிட்டது.

காலம் மெதுவாக மாறி வருகிறது. சுற்றுலா இலாகா 2015-ல் விடுதிகளை விசாரித்தது. பதில் சொன்ன சுமார் 600 விடுதிகளில் 56 சதவீதம் பச்சை உள்ளவர்களைக் குளிக்க விடுவதில்லை என்றன. 31 சதவீதம் தடையில்லை என்றன. 13 சதவீதம், மூடிக்கொண்டு வந்தால் சரி என்றன. பச்சை குத்துவது வைத்தியத் தொழில் அல்ல, அதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை என்று 2020-ல் ஜப்பானின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடம்பில் பச்சை இருப்பதைத் தடுக்கும் சட்டமும் கிடையாது. ஆனால் குளிக்குமிடத்து முதலாளியும் ஆபீஸ் முதலாளியும் தங்கள் இடத்துக்கு விதி போட்டுக்கொள்ளலாம். 2012-ல் ஒசாகா நகரசபை தன் ஊழியர்களிடம், யார் யாருக்குப் பச்சை இருக்கிறது என்று எழுதிக் கேட்டதே, அது ஒன்று போதாதா?

எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டாவது வருஷம் ஹகோனேக்கு உல்லாசப் பிரயாணம் ஏற்பாடாயிற்று. ஷிஞ்ஜுகு நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். மலை, ஏரி, வானம் தெளிந்தால் ஃபூஜி சிகரம், இரவில் வெந்நீர் ஊற்றுள்ள விடுதி. எல்லோரும் குதூகலித்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. விடுதியில் எல்லோரும் 'யுகாதா' என்ற அங்கியில்தான் சாப்பிட உட்காருவார்கள். அதன் கை அகலமானது. தேநீர்க் கிண்ணத்தைத் தூக்கினால் முழங்கை வரை வழிந்துவிடும்.

தலைவலி என்று சொல்லி நின்றுவிடலாமா என்று யோசித்தேன். ஏற்கனவே ஒரு பொய். அதற்குத் துணையாக இன்னொன்றா? பக்கத்து மேஜைச் சிநேகிதியைத் தனியே அழைத்து, பொத்தானைக் கழற்றிக் கையைக் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதனால்தானா அந்தச் சட்டை?" என்றாள். பாட்டியின் கதையைச் சொன்னேன். மறுநாள் அவளே விடுதிக்கு டெலிபோன் செய்தாள். பெரிய தொட்டிக்கு அனுமதி இல்லை. ஆனால் தனியாக முன்பதிவு செய்துகொள்ளும் சின்னக் குளியலறை ஒன்று இருக்கிறது, முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று தெரிந்தது. சாப்பாட்டு வேளைக்காகத் தோல் நிறத்தில் ஒரு ஒட்டுத் துணியும் வாங்கி வந்து கொடுத்தாள்.

ஹகோனேயில் ஓவாக்குதானி என்ற இடத்தில் பூமியிலிருந்து கந்தகப் புகை கிளம்புகிறது. அந்த ஊற்று நீரில் வேகவைத்த முட்டையின் ஓடு கரியாகக் கறுத்துவிடும். ஒன்று சாப்பிட்டால் ஆயுளில் ஏழு வருஷம் கூடுமாம். நான் சைவம், ஏழு வருஷம் எனக்கு நஷ்டம்!

இரவு எல்லோரும் பெரிய தொட்டிக்குக் கிளம்ப, நான் சின்ன அறைக்குப் போனேன். பின்னாலேயே துவாலையுடன் சிநேகிதி வந்து நின்றாள். "பெரிய தொட்டியில் ஒரே கூட்டம்" என்றாள். அது அவள் எனக்காகச் சொன்ன பொய். இருவரும் வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்தோம். அவள் என் கையைத் திருப்பி, ஒன்று, இரண்டு என்று புள்ளிகளை எண்ணினாள். "இதை எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது?" என்று கேட்டாள். ஆவி படிந்த கண்ணாடி ஜன்னலில் விரலால் புள்ளி வைத்து, கை எடுக்காமல் இழுத்துக் காட்டினேன். அவளும் பக்கத்தில் ஒன்று போட்டாள். நாலாவது புள்ளியில் வழி தவறிவிட்டது. நம் வீட்டுச் சிறுமிகளும் அங்கேதான் தவறுவார்கள்!

வாசகிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ பச்சை குத்திய கையுடன் ஜப்பானுக்குக் கிளம்பினால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லி அனுப்புங்கள். வேலைக்குச் சேருமுன் ஆபீஸ் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளட்டும். குளிக்கவோ நீந்தவோ போகுமுன் ஒரு டெலிபோன் போடட்டும். ஒட்டுத் துணியை உலர்ந்த தோலில், வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு போகட்டும். தெருவோரத்துப் பழைய குளியல் நிலையங்களான 'செந்தோ'க்களில் பலவற்றில் கெடுபிடி இல்லை. டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் அதற்குக் கட்டணம் 550 யென் ஆக்கினார்கள். நேரம் இருந்தால் கியோத்தோவிலிருந்து இரண்டரை மணி ரயில் பிரயாணத்தில் கினோசாகி என்ற ஊருக்குப் போகட்டும். கால்வாய்க் கரையில் வில்லோ மரங்கள். ஏழு பொதுக் குளியல் நிலையங்கள். பச்சை குத்தியவர்களுக்கும் அங்கே தடையில்லை. மரக்கட்டைச் செருப்புச் சப்திக்க ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நானும் ஒரு மாலை முழுவதும் நடந்தேன்.

இன்னொருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். அது அந்த வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. கையை மூடிக்கொள்வதையும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். மூடிக்கொள்வது வேறு, வெட்கப்படுவது வேறு. இது எனக்குப் புரிய இரண்டு கோடைக்காலம் ஆயிற்று.

இப்போதும் ஆபீஸுக்கு முழுக்கைச் சட்டையில்தான் போகிறேன். "வேர்க்கவில்லையா?" என்று யாராவது கேட்டால், "ரொம்ப வேர்க்கிறது" என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேஜையிலிருந்து விசிறி ஒன்று என் பக்கம் திரும்புகிறது.