மெஸ்ஸியைக் காணவில்லை, நானாவைக் கண்டேன்



நேற்று தரம் 9 வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நீங்க 2022 உலகக் கிண்ணத்த நேர்ல பாத்தீங்களாமே? மெஸ்ஸியைக் கண்டீங்களா?"

மெஸ்ஸியைக் காணவில்லை. நான் கண்டது வேறு. வகுப்பில் சொல்ல நேரம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

2022 நம் யாருக்கும் மறக்காது. பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, மின்வெட்டு. அந்த ஜூனில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் நான் டோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அறையில் ஆறு பேர். என் மேல் கட்டிலில் மூதூர் நானா. ஸ்கபோல்டிங் வேலை. கட்டாருக்கு வந்து பதினொரு வருடம்.

கட்டாரில் வசிப்பவர்களுக்கு முதல் சுற்று ஆட்டங்களுக்கு 40 ரியால் டிக்கெட் இருந்தது. எனக்கும் நானாவுக்கும் எடுத்தேன். டிசம்பர் 1, அல் துமாமா மைதானம், மொரோக்கோவும் கனடாவும். அரபிகள் அணியும் தொப்பியின் வடிவில் கட்டிய மைதானம் அது.

நாலாவது நிமிடம். கனடா கோல்காப்பாளர் விட்ட பிழையில் ஸியேச் தூரத்திலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார். மைதானமே எழும்பி நின்றது. நானா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா பாருங்க சேர், அந்த வளைவு. அதுக்குக் கீழதான் நாங்க சாரம் கட்டின. அப்ப இதுக்குள்ள ஒரு கதிரை கூட இல்ல."

மொரோக்கோ 2-1 என்று வென்றது. வரும்போது பஸ்ஸில்தான் எத்தனை கோல் என்று என்னிடம் கேட்டார்.

நம் நாடு விளையாடாத போட்டியில் நமக்கு ஏன் அவ்வளவு ஆவேசம்? முஸ்லிம் நாடு என்பதால் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எங்கள் அறையில் இருந்த சிலாபத்துச் சிங்களத் தம்பியும் மட்டக்களப்புத் தமிழ் அண்ணனும் கூட மொரோக்கோ பக்கம்தான். அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கீமி பிறந்தது மட்ரிட்டில். தாய் வீடுகளைத் துப்புரவு செய்தவர், தந்தை தெருவில் பொருள் விற்றவர். பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். எங்களுக்கு அது போதும்.

டிசம்பர் 10, கால் இறுதி. அதே துமாமா. இந்த முறை டிக்கெட் எங்கள் கைக்கு எட்டவில்லை, அறையில் பார்த்தோம். அந்நஸைரி உயரப் பாய்ந்து தலையால் அடித்த ஒரே கோலில் போர்த்துக்கல் வீட்டுக்குப் போனது. உலகக் கிண்ண அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு, முதல் அரபு நாடு. கத்தினோம், கட்டிப்பிடித்தோம். பிறகு பூஃபால் தன் உம்மாவை மைதானத்துக்குள் கூட்டிவந்து ஆடியதைக் காட்டினார்கள். அறை அப்படியே அமைதியாகிவிட்டது. ஒவ்வொருவராகப் போனை எடுத்தோம்.

ஊரில் இரவு பத்தரை. மகன் விழித்திருந்தான். அப்போது அவன் பாடசாலையின் 14 வயதுக்குட்பட்ட அணியில்.

"வாப்பா, அவர்ட உம்மாவ கிரவுண்டுக்குள்ள விட்டாங்கதானே? நான் விளையாடக்குள்ள நீங்க எங்க இருப்பீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

மேல் கட்டிலில் நானாவும் பேசி முடித்திருந்தார். "மகன் என்னை விட வளந்துட்டானாம் சேர். போன்ல உயரம் தெரியுதில்லையே" என்றார். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

அரையிறுதியில் பிரான்ஸிடம் 2-0 என்று தோற்றோம். "தோற்றோம்" என்றுதான் எழுத வருகிறது.

ஐந்து வருட லீவில் இரண்டு வருடத்தோடு திரும்பிவிட்டேன். பைத்தியக்காரன் என்றவர்களும் உண்டு. கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வந்த வருடம் வலய மட்டப் போட்டியில் மகனின் அணி 3-0 என்று தோற்றது. பின்வரிசையில் கடைசி வரை ஓடினான். எல்லைக் கோட்டுக்கு வெளியே குடையோடு நின்று நான் பார்த்தேன்.

நானா இன்னும் அங்கேதான். திரும்பி வர எல்லோருக்கும் வழி இருப்பதில்லை, நான் வந்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். இந்த முறை உலகக் கிண்ணம் பார்க்கும்போது ஒரு கோல் விழுந்தால் அவருக்கு ஒரு கோல் எடுங்கள். எந்த அணி என்பது முக்கியமில்லை.

பிழைக்கப் போன எல்லா வாப்பாமாரையும் உம்மாமாரையும் அல்லாஹ் பாதுகாத்து, நல்லபடியாக ஊர் சேர்ப்பானாக. ஆமீன்.