தண்ணீர்ப்பள்ளித் துறவியும் தோழியின் கேள்வியும்

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறும் எங்களுக்குத் தாணுமாலயன் கோவில் கோபுரம் நாள்தோறும் காணும் காட்சியாகும். தாணு என்பது சிவன், மால் திருமால், அயன் பிரமன். ஒருநாள் பஸ்ஸில் எங்கள் தோழி ஒருத்தி, "எட்டி, உங்க மூவொரு கடவுளும் எங்க தாணுமாலயனும் ஒண்ணுதானா?" என்று ஆவலோடு கேட்டாள். நாங்களோ, "சே! அது வேற, இது வேற" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டோம். அவள் முகம் வாடிற்று. நான்கு நாட்கள் அவள் எங்களோடு அமரவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. பீட் கிரிபித்ஸ் அடிகளார் 1954-இல் எழுதிய 'தி கோல்டன் ஸ்டிரிங்' என்ற நூலைத் தந்தார்கள். அகராதியும் கையுமாக வாசித்தோம்.

1906-இல் இங்கிலாந்தில் பிறந்த அடிகளார் ஆங்கிலிக்கன் சபையினர். ஆக்ஸ்போர்டில் படித்தபின் இரு நண்பர்களோடு ஒரு குடிசையில் தங்கி, பசு வளர்த்து, விவிலியம் வாசித்து எளிமையாக வாழ்ந்தார். (கரண்டு போனால் நாங்கள் போடும் கூச்சலை நினைத்துக்கொண்டோம்.) பின்னர் நியூமன் எழுதிய நூல் அவரை அசைத்தது. நியூமனும் 1845-இல் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கத்தோலிக்கரானவர். 2019-இல் புனிதராகவும், 2025-இல் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்டவர். தன் அன்புக்குரியோர் எவரேனும் கத்தோலிக்கரானால் அதைவிடப் பெரிய வேதனை தனக்கில்லை என்று அடிகளாரின் தாயார் முன்பே சொல்லியிருந்தாராம். அப்பக்கத்தை நாங்கள் இருமுறை வாசித்தோம். ஆயினும் 1931-இல் அவர் கத்தோலிக்கரானார்.

1955-இல் இந்தியா வந்தவர், 1968 முதல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளிச் சாந்திவனத்தில் வாழ்ந்து, 1993-இல் இறந்தார். அவ்வாசிரமத்தின் பெயர் சச்சிதானந்தம். சத் என்ற இருப்பு தந்தை. சித் என்ற அறிவு மகன். ஆனந்தம் அவர்களது அன்பாகிய தூய ஆவி. அங்குள்ள கோவில் கோபுரத்தில் மூவொரு கடவுளை மும்முகமாகவே அமைத்திருக்கிறார்கள்! இதைக் கலப்படம் என்று கண்டித்த கத்தோலிக்கரும் உண்டு.

எங்களுக்கும் ஓர் ஐயம் எழுந்தது. மூன்று திசை நோக்கும் முகங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதே? சிஸ்டர் சிரித்துவிட்டு, "அதுதான் சரியான இடம்" என்றார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலைப் பகிர்ந்துகொண்ட மூவரல்லர் நம் மூவர். படைப்பதும் மீட்பதும் மூவருக்கும் பொது. தந்தை, மகன், ஆவி என்ற உறவில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள் என்று விளக்கினார்கள். அடிகளார் மும்முகத்தைச் சின்னமாகத்தான் எடுத்துக்கொண்டாராம். எனினும் அந்தச் சின்னத்தை எங்கள் மனம் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

மறுநாள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, ஒன்றென்று சொல்ல எங்களால் ஏன் இயலவில்லை என்பதை எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் ஊர்க்கதையைச் சொன்னாள்: மூவரும் சோதிக்க வந்தபோது அனசூயை அவர்களைக் குழந்தைகளாக்கிப் பசியாற்றினாளாம். "குழந்தையா வந்த கடவுள் உங்களுக்கும் உண்டும்லா?" என்றாள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் கோட்டாறு வந்துவிட்டது. சிஸ்டரிடம் கேட்க அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது. இம்முறை தோழியும் எங்களோடு வருகிறாள்.