அம்மை ஒட்டுமா?

"அது உடம்புச் சூடுல்லா! வெயில்லதான வருது, எங்க ஒட்டும்?" நேற்று சேரன்மகாதேவியில் ஒரு மாமா அடித்துச் சொன்னார். எனக்கு மனசே ஆறவில்லை.

எங்க ஆச்சி வைரஸ் என்ற பேரைக்கூடக் கேட்டதில்லை. ஆனால் அம்மை போட்டால் முதல் வேலையாக நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவாள். வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை படி தாண்டாது. ஒட்டும் என்று தெரியாமலா அத்தனையும் செய்தாள்?

சின்னம்மைக் கிருமி மூச்சு வழியாகவும் கொப்புள நீர் வழியாகவும் பரவும். உள்ளே போய் இரண்டு, மூன்று வாரம் சத்தமில்லாமல் பெருகும். கொப்புளம் தெரிய 2 நாள் முன்பே அடுத்தவருக்கு ஒட்டிவிடும். யாரிடமிருந்து வந்தது என்று தெரியாததால்தான் வெயில் மேல் பழி.

ஆறிய பிறகும் அது நரம்பில் தங்கும். வயதான காலத்தில் அக்கியாகக் கிளம்பலாம். காவியால் அக்கி எழுதிக்கொண்ட தாத்தாவின் கொப்புள நீர் பட்டால், பேரனுக்குச் சின்னம்மை வரலாம்.

கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் இருக்கிற வீட்டுப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.