காலந்தாழ்ந்த வாக்கு

நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் காலை ஆராதனை நடத்தும் முறை ஆசிரியர்களுக்கு மாறி மாறி வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அம்முறை எனக்கு வந்தபொழுது, சாமுவேலின் இரண்டாம் புஸ்தகத்தில் 9-ஆம் அதிகாரத்தைத் தெரிந்துகொண்டேன். 13 வசனங்களே கொண்ட சிறிய அதிகாரம். பத்து நிமிஷத்தில் பேசி முடித்துவிடலாம் என்பதைத் தவிர வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கில்லை. ஆனால் முந்தின இரவு அதனைப் படிக்கப் படிக்க, அவ்வதிகாரம் என்னையே விசாரணைக்கு அழைத்தது.

சரித்திரம் நம்மிற் பலர் அறிந்ததே. சவுலின் குமாரனாகிய யோனத்தானும் தாவீதும் உயிர்த்தோழர். தன் தகப்பன் தாவீதைக் கொல்லத் துணிந்ததைக் கண்ட யோனத்தான், அவனைத் தப்புவித்தனுப்புமுன் அவனோடு ஓர் உடன்படிக்கை செய்தான். தாவீதின் சத்துருக்களெல்லாரும் அழிந்துபோகும் காலத்திலும் தன் வீட்டாருக்குத் தயவு செய்வதை அவன் விட்டுவிடலாகாது என்பதே அதன் சாரம். புதிதாக முடிசூடுகிறவன் பழைய அரசனுடைய வம்சத்தை வேரறுப்பது அக்காலத்தில் அரிதன்று. ஆதலால் இது சிறிய வேண்டுகோளன்று.

பின்னர்ச் சவுலும் யோனத்தானும் கில்போவா மலையில் மாண்டனர். அச்செய்தி வந்த நாளில் யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு வயது 5. அவனை எடுத்துக்கொண்டு தாதி பதறி ஓடுகையில், பிள்ளை கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமாயின. இந்த மேவிபோசேத்தையே தாவீது பிற்காலத்தில் தேடி அழைத்து, சவுலின் நிலங்களையெல்லாம் திரும்பக் கொடுத்து, தன் பந்தியில் நித்தமும் அப்பம் புசிக்கச் செய்தான்.

இதுவரையில் ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையில் கேட்டதுதான். அன்றிரவு என் கண்ணிற்பட்டது 12-ஆம் வசனம். மேவிபோசேத்துக்கு மீகா என்னும் ஒரு சிறு குமாரன் இருந்தானாம். ஐந்து வயதுப் பாலகன் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டான்! அப்படியாயின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளேனும் கழிந்திருக்கவேண்டும். அதுவரை அந்த முடவன் லோதேபாரில் மாகீர் என்பவனுடைய வீட்டில் அண்டிப் பிழைத்திருந்தான். தாவீது எப்ரோனில் ஏழரை ஆண்டு அரசாண்டு, பிறகு எருசலேமையும் பிடித்து, யுத்தங்களும் செய்துகொண்டிருந்தான். வாக்கு மட்டும் காத்துக்கொண்டிருந்தது.

நண்பர்களே, எனக்கும் அப்படி ஒரு வாக்கு இருந்தது. இதே கல்லூரி விடுதியில் ஒரே விளக்கில் என்னோடு படித்தவன் ஒருவன். ஒரு வருஷம் எனக்குப் பரீட்சைக் கட்டணம் செலுத்த வழியில்லாதபோது, தன் கைக்கடிகாரத்தை விற்று அப்பணத்தை என் கையில் வைத்தவன். அடுத்த ஆண்டே நோயுற்று ஊர் திரும்பினான். நான் பார்க்கப் போயிருந்த நாளில், வாசற்படியிலே சிலேட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்த தன் தம்பியைக் காட்டி, "இவன் படிப்பை நீ பார்த்துக்கொள்" என்றான். "பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அந்த மாதமே அவன் காலமானான்.

நான் பொய் சொல்லவில்லை. சொன்னபொழுது முழுமனதோடேயே சொன்னேன். பின்பு உத்தியோகம் தேடும் கவலை, விவாகம், பிள்ளைகள், வீடு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இருபது வருஷம் போய்விட்டது. இரக்கம் என்னிடத்தில் இல்லாமலில்லை. அவனை நினைக்குந்தோறும் கண் கலங்கும். ஆயினும் கலங்கிய கண்ணால் ஒரு பிள்ளைக்கும் சம்பளம் கட்டமுடியாதே!

எபிரெய வேதத்தில் 'கெசெத்' என்றொரு சொல் உண்டு. ஏறத்தாழ 250 இடங்களில் அது வருகிறது. நம்முடைய பழைய தமிழ்த் திருப்புதல் அதனைத் தாவீதின் சரித்திரத்தில் தயவு என்றும், 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் கிருபை என்றும், மீகா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தில் இரக்கம் என்றும் வழங்குகிறது. மனம் உருகுவதும் சொன்ன சொல்லில் நிற்பதும் அச்சொல்லில் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. நானோ இவ்விரண்டையும் பிரித்து, உருகுவதை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மறுநாட் காலை ஆராதனையில் ஏதோ பேசினேன். அந்த வார விடுமுறையில் அவ்வூருக்குச் சென்றேன். சிலேட்டுப் பிள்ளை இப்பொழுது தறிக்குழியில் அமர்ந்திருந்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்றாம். நான் அண்ணனின் பெயரைச் சொன்னவுடன் அவன் முகம் வெளிறியது. "ஐயா, அண்ணன் உங்களிடம் கடன் ஏதும் வைத்திருந்தானா?" என்றான். அரசன் அழைத்தபொழுது மேவிபோசேத் ஏன் நடுங்கி முகங்குப்புற விழுந்தான் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. தன்பொருட்டு ஒரு வாக்குக் காத்திருப்பதை அறியாதவன், வருகிறவனெல்லாம் வாங்க வந்தவனென்றே எண்ணுவான்.

"தம்பி, கடன்பட்டவன் நான்" என்று சொல்லிக் கடிகாரத்தின் கதையைக் கூறினேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் அதைத் தொலைத்துவிட்டதாகத்தான் அப்பா சாகும்வரை கோபித்துக்கொண்டிருந்தார்" என்றான். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தாயார் வெளியே வந்தார். என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை, இலை போட்டார். அரசன் பந்தியில் முடவன் அமர்ந்தான்; இங்கோ வாக்குத் தவறியவனையே பந்தியில் அமர்த்தினார்கள். அந்தச் சோறு எனக்கு எளிதில் இறங்கவில்லை.

காலந்தாழ்ந்த வாக்கினால் யாருக்கு நஷ்டம் என்பதையும் வேதம் மறைக்கவில்லை. கிபியோனியர் பூசணம்பூத்த அப்பத்தையும் கிழிந்த தோற்பைகளையும் காட்டித் தூரதேசத்தாரென்று ஏமாற்றியே இஸ்ரவேலரிடம் ஆணை பெற்றார்கள். மூன்று நாளில் வஞ்சகம் வெளிப்பட்டும், கொடுத்த ஆணையைப் பிரபுக்கள் மீறவில்லை. பல தலைமுறைக்குப் பின் சவுல் அதனை மீறினான். அப்பழி தாவீதின் நாளில் மூன்று வருஷப் பஞ்சமாய் வந்ததென்றும், சவுலின் வம்சத்தார் எழுவர் அதற்காக மாண்டார்களென்றும் படிக்கிறோம். சொல்லைத் தவறவிட்டவன் ஒருவன். துக்கம் அநுபவித்தவர் வேறு பலர். வாரிவிட்ட நீரைப்போல அந்தத் தம்பியின் பள்ளிப் பருவமும் இனித் திரும்பாது.

எனினும், அப்பஞ்ச காலத்திலும் தாவீது யோனத்தானுக்கிட்ட ஆணையை நினைத்து மேவிபோசேத்தைத் தப்பவிட்டான். ஒருமுறை பந்தியில் அமர்த்தியதோடு வாக்கு முடிந்துவிடவில்லை; ஆபத்து வந்த நாளிலும் அது நின்றது. எனக்கு இதுவே இப்பொழுது போதனை. நெசவாளித் தம்பிக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டு. அவள் படிப்புச் செலவை ஏற்க நான் கேட்டபொழுது அவன் வெகுவாகத் தயங்கினான். "இது தர்மமன்று, உன் அண்ணனுக்குச் சொன்ன சொல்" என்ற பின்னரே இசைந்தான். "ஆகட்டும், அண்ணே" என்று அன்று முதல் அழைக்கலானான். அவ்வழைப்புக்கு நான் பாத்திரனாகிவிட்டேனென்று சொல்லத் துணியேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் சம்பளம் கட்டும்போது, இவ்வாண்டுக்குரிய பங்கை இறுத்தேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளுகிறேன்.

மாணவ நண்பர்களே, விடுதியை விட்டுப் பிரியும் நாளில் நீங்களும் ஒருவருக்கொருவர் பல வாக்குக்களைக் கொடுப்பீர்கள். அவற்றுள் ஒன்றையேனும், அதைக் கேட்டவன் நினைவூட்ட இராத காலத்துக்கென்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லோதேபாரில் யாரோ ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு நம் விலாசம் தெரியாது. நாம்தான் விசாரித்துக்கொண்டு போகவேண்டும்.